நாற்பது நாள் (4): நெஞ்சில் வைத்த கை

இந்தத் தவக்காலத் தொடரில் இதுவரை சாம்பல் புதன், நெற்றியில் இட்ட சாம்பல், அந்தச் சாம்பலுக்காக எரித்த போன வருஷத்துக் குருத்தோலை என்று வந்து நின்றோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அதற்குமேல் நினைவூட்ட வேண்டியதில்லை. இந்த வாரம் வியாகுலப் பிரசங்கம் பற்றி என்று சொல்லியிருந்தேன். குறிப்புகள் மேசைமேல்தான் இருக்கின்றன. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு புத்தகத்தைப் பற்றிய தகவலில் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து மனம் வேறெங்கும் போகவில்லை. நாளைக் காலை பக்கம் அச்சுக்குப் போகிறது. மனம் எதில் இருக்கிறதோ அதைத்தான் எழுத முடியும்.

1580-ஆம் ஆண்டு கொச்சியில் தமிழ் எழுத்தில் ஒரு புத்தகம் அச்சானது. பெயர் ‘கொம்பெசியோனாயரு’. போர்த்துக்கீசியச் சொல்லைத் தமிழ் நாக்குக்கு ஏற்ப வளைத்த பெயர். நமக்குப் பழகிய வார்த்தையில் சொன்னால், பாவசங்கீர்த்தனக் கையேடு. இருநூறு பக்கங்களுக்கு மேல். குருவின் முன்னால் போய் முழந்தாளிடுவதற்கு முன்பு ஒரு மனிதன் தன்னைத்தானே எப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதி, எழுத்து எழுத்தாகக் கோத்து, அச்சிட்ட தமிழ்ப் புத்தகம்.

இதற்கு முன்னால் வந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். 1578-ல் கொல்லத்தில் 16 பக்கத்தில் ‘தம்பிரான் வணக்கம்’. 1579-ல் கொச்சியில் 120 பக்கத்தில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. அடுத்தது இது. முதல் இரண்டும் ஞானோபதேச நூல்கள். எதை விசுவசிக்க வேண்டும், எப்படிச் செபிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவை. மூன்றாவது புத்தகம் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பிக்கிறது. தமிழ் எழுத்து நம் கரையில் அச்சேறி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் வாசிப்பவனைப் பார்த்து ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்கும் புத்தகம் வந்துவிட்டது. நம்முடைய இலக்கியம், பத்திரிகை, பாடநூல் எல்லாம் அச்சுக்கு வர இன்னும் எவ்வளவோ காலம் இருந்தது. ஆத்தும சோதனை முந்திக்கொண்டது.

இந்தப் புத்தகம் தொலைந்துபோனது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தில் ஒரு பிரதி இருப்பதைப் பற்றி கிரஹாம் ஷா என்ற ஆய்வாளர் 1982-ல் எழுதினார். நானூறு ஆண்டுக்கு முன் முத்துக்குளித்துறையில் ஒருவன் தன் பாவத்தை நினைத்துப் பார்ப்பதற்காகத் தமிழில் அச்சிட்ட தாள்கள் ஆங்கிலேய நாட்டு நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதியவர் அண்ட்ரிக் அடிகளார். போர்த்துக்கலில் 1520-ல் பிறந்தவர். யூத மரபில் வந்த குடும்பம். சேசு சபைத் துறவி. 1546-ல் கோவாவில் வந்து இறங்கி, அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். நடுவிலுள்ள ஐம்பது ஆண்டும் ஏறக்குறைய இந்தக் கரைதான். தமிழைக் கற்றார், போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார், தமிழில் புத்தகம் போட்டார்.

அவர் ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தமிழ் படித்தார் என்பதற்கு நான் நினைக்கும் காரணம் ஒன்று உண்டு. 1530-களின் நடுவில் பரதவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் சவேரியார் வந்தார். கையில் மணியடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார் என்று படித்திருக்கிறோம். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரிந்தவர்களை வைத்துச் செபங்களை மொழிபெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தார். மற்றதற்கெல்லாம் துபாஷி வேண்டும். பிரசங்கத்துக்குத் துபாஷி போதும். செபத்துக்கு மனப்பாடம் போதும். பாவசங்கீர்த்தனத்துக்கு? ஒரு பெண் தன் வீட்டு இருட்டில் நடந்ததைச் சொல்ல வருகிறாள். குரு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நடுவில் உள்ளூர் ஆள் ஒருவன் உட்கார்ந்து அவள் சொல்வதை வேறு மொழியில் திருப்பிச் சொல்கிறான். நாளைக்கு அதே ஆளைச் சந்தையில் பார்க்க வேண்டும். எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? அண்ட்ரிக் அடிகளாரின் இலக்கணத்துக்கும் அகராதி முயற்சிக்கும் பின்னால் இந்த நடு ஆளை எழுப்பி வெளியே அனுப்பும் அவசரம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஒரு மனிதனின் காதில் இன்னொரு மனிதன் நேராகத் தமிழில் சொல்ல முடிய வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு உழைப்பும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சவேரியார் ஊர் ஊராகப் போனபோது ஒவ்வோர் ஊரிலும் செபம் சொல்லிக்கொடுக்க ஓர் உள்ளூர்க்காரரை நியமித்துவிட்டுப் போனார். போர்த்துக்கல் ராணியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தை இவர்களுடைய சம்பளத்துக்குக் கேட்டு வாங்கினார். அந்த ஆட்களைச் சவேரியார் தன் கடிதங்களில் என்ன பெயரால் குறிப்பிடுகிறார் தெரியுமா? கணக்கப்பிள்ளை. போர்த்துக்கீசிய எழுத்தில் உருமாறிக் கிடந்தாலும் சொல் அதுதான். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் கணக்கெழுதுகிறவன்தானே. அந்தப் பெயரே ஞானோபதேசம் சொல்பவருக்கும் ஒட்டிக்கொண்டது. மீனுக்கும் முத்துக்கும் சங்குக்கும் ஏடு வைத்திருந்த கை, ஆத்துமத்துக்கும் ஏடு வைக்க வந்தது. தவக்காலத்தைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த சொல் இது. தன்னைச் சோதிப்பது ஒரு மனநிலை அல்ல, அது கணக்கு. வருத்தமாக இருக்கிறது என்பது வேறு. எத்தனை முறை, யாரிடம், எவ்வளவு என்று உட்கார்ந்து பார்ப்பது வேறு. கண்ணீர் வந்தால் நல்லது. வராவிட்டாலும் கணக்கு நிற்கக் கூடாது.

இந்த வகைக் கையேடுகளின் அமைப்பும் அதுதான். பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றின் கீழும் கேள்விகள் வரும். பொய்ச் சத்தியம் உண்டா, பிறன் பொருள் கையில் நிற்கிறதா, தாய் தகப்பனைப் பட்டினி போட்டதுண்டா, ஒருவர் பெயரைக் கெடுத்ததுண்டா. வரிசை போட்டுக் கேட்பதால்தான் மனம் தப்ப முடிவதில்லை. தானாக நினைத்துப் பார்க்கச் சொன்னால் நாம் எல்லோரும் வருஷா வருஷம் ஒரே பாவத்தைத்தான் எடுத்துவருவோம். கோபம் வருகிறது சுவாமி, பொய் சொல்லியிருக்கிறேன் சுவாமி. சிறு வயதில் நான் மனப்பாடமாக வைத்திருந்த பட்டியலும் அதுதான். கேள்வி வரிசையாக வந்தால், நாம் பாவம் என்றே எண்ணாத ஒரு செயலின்மேல் போய் விரல் நிற்கும்.

ஏன் வருஷத்தில் ஒரு காலம்? 1215-ல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், புத்தி விவரம் அறிந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது தன் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கு காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று 21-ஆவது விதியாக எழுதியது. நம் பாட்டிமார் ஒப்புவித்த திருச்சபைக் கட்டளைகளில் இன்றும் அது இருக்கிறது. அதே விதி குருவுக்கும் சொல்கிறது: அனுபவமுள்ள மருத்துவனைப்போலக் காயத்தைப் பார்த்துத் திராட்சரசமும் எண்ணெயும் வார்க்க வேண்டும், கேட்டதை வெளியில் விட்டால் பதவி போகும், ஆயுள் முழுக்க மடத்தில் தவம் கிடக்க வேண்டும். ‘வருஷத்துக்கு ஒரு முறை’ என்ற பாதியைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மருத்துவன் என்ற பாதியை மறந்துவிட்டோம்.

காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் பார்த்தேன். உயிர்ப்பு ஞாயிறு மிகச் சீக்கிரம் வந்தால் மார்ச் 22. மிகத் தாமதமாக வந்தால் ஏப்ரல் 25. அப்படியானால் மார்ச் 10-லிருந்து 21 வரை எந்த வருஷமானாலும் தவக்காலம்தான். பங்குனியின் முதல் வாரம் அதற்குள் அகப்படுகிறது. வங்கியிலும் அலுவலகத்திலும் வருஷ முடிவுக் கணக்கை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கும் மாதம். சித்திரையில் புதுக்கணக்கு எழுதும் கடைக்காரர் பழைய பேரேட்டைக் கூட்டிப்பார்க்கும் மாதம். முத்துக்குளித்துறைக்கு இது வேறொரு மாதமாகவும் இருந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடந்தது பெரும்பாலும் மாசியிலிருந்து சித்திரைக்குள்தான். இரண்டு காற்றுக்கும் நடுவில் கடல் தெளிந்து அடங்கியிருக்கும் நாட்கள் அவை. எங்கிருந்தெல்லாமோ வியாபாரிகள் வந்து இறங்குவார்கள், தரகர் வருவார்கள், கடன் கொடுத்தவர் வருவார்கள், பணம் கைமாறும், சண்டை வரும். வருஷத்திலேயே மனிதன் அதிகம் வழுக்கும் வாரங்களில்தான் கோவில், வா, உட்கார், எண்ணிப் பார் என்று கூப்பிட்டது. ஓய்ந்து கிடக்கும் மாதத்தில் கூப்பிட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். பயனும் அந்த அளவுக்குத்தான் இருந்திருக்கும்.

சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். கொம்பெசியோன் என்ற போர்த்துக்கீசியச் சொல் தமிழில் நிலைக்கவில்லை. அதற்கு நெருங்கிய சொந்தம் மலையாளத்தில் இன்னும் நன்றாக வாழ்கிறது. கேரளத்தில் கும்பசாரம் என்றால் குழந்தைக்கும் புரியும். நாம் பாவசங்கீர்த்தனம் என்று மாற்றிக்கொண்டோம். சங்கீர்த்தனம் என்றால் வாய்விட்டு உரைப்பது. மனசுக்குள் வைத்திருப்பது போதாது, நாக்கில் ஏற வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம். ஒப்புரவு வள்ளுவருடைய சொல். ஓர் அதிகாரத்துக்கே பெயர். அங்கே அது ஊரோடு ஒத்து ஊருக்கு உதவுவது. ஆக நானூறு ஆண்டில், குருவின் காதில் சொல்வதிலிருந்து ஊரோடு ஒத்துப்போவது வரை ஒரே காரியத்தின் பெயர் நகர்ந்திருக்கிறது. மூன்றில் எனக்குப் பிடித்தது ஒப்புரவு. ஆனால் என் வாயில் வருவது என்னவோ நடுவிலுள்ளதுதான்.

இனி இஞ்ஞாசியார். அண்ட்ரிக் அடிகளார் சேர்ந்த சபையை நிறுவியவர். அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூல் 1548-ல் பாப்பரசரின் ஒப்புதலோடு அச்சானது. அதில் ஒரு படம் இருக்கிறது. படம் என்றால் சாமி படமில்லை, கோடுகள். வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு இணைக் கோடுகள். ஒருவன் தன்னிடமுள்ள ஒரே ஒரு குற்றத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எல்லாக் குற்றங்களும் அல்ல, ஒன்று. காலையில் எழும்போதே இன்று அதைச் செய்வதில்லை என்று தீர்மானிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாகப் பின்னோக்கிப் போய், எத்தனை முறை தவறினோமோ அத்தனை புள்ளி வைக்க வேண்டும். மேல்கோடு மதியத்துக்கு, கீழ்க்கோடு இரவுக்கு. இன்றைய புள்ளியை நேற்றைய புள்ளியோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒத்துப்பார்க்க வேண்டும்.

அந்தக் கோடுகளை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாளின் கோடு நீளமானது. அடுத்த நாளுடையது கொஞ்சம் குட்டை. அதற்கடுத்தது இன்னும் குட்டை. ஏழாம் நாளுக்கு வரும்போது ஒன்றிரண்டு புள்ளிக்குத்தான் இடமிருக்கிறது. குற்றம் குறையும் என்று அவர் எழுத்தில் வாக்குக் கொடுக்கவில்லை. இடத்தைக் குறைத்துக் கோடு போட்டுவைத்தார். கணக்கேட்டிலேயே நம்பிக்கையை வரைந்துவைத்த ஒரு மனிதரை எனக்கு வேறெங்கும் தெரியாது.

அதே பக்கத்தில் இன்னொரு குறிப்பு. அந்தக் குற்றத்தில் விழும்போதெல்லாம் கையை நெஞ்சில் வைத்து மனம் வருந்த வேண்டும். பலர் நடுவில் இருக்கும்போதும் இதைச் செய்யலாம், பக்கத்தில் இருப்பவர் கவனிக்கமாட்டார் என்றும் சொல்கிறார். எவ்வளவு சின்ன அசைவு! சந்தையில் நின்றுகொண்டு, பேருந்தில் உட்கார்ந்துகொண்டு, அலுவலகத்தில் ஒருவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்ன அடுத்த நொடியில், சட்டைப் பையைத் தடவுவதுபோல நெஞ்சில் ஒரு கை. நம் ஊரில் உண்மை பேசச் சொல்வதற்கு ‘நெஞ்சத் தொட்டுச் சொல்லு’ என்கிறோம். அவர் தொடச் சொன்னார்; சொல்வதை இரவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

எங்கள் ஆச்சி இஞ்ஞாசியாரின் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை. எழுத்தும் அதிகம் தெரியாது. ஆனால் தவக்காலம் பிறந்தால் பீடத்துக்குக் கீழே இரண்டு சிரட்டைகளை வைத்துவிடுவாள். ஒன்றில் புளியங்கொட்டை நிறைந்திருக்கும். மற்றது காலி. ராத்திரி செபமாலை முடிந்து எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லி எழுந்த பிறகு அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். சில நாள் மூன்று கொட்டை இந்தச் சிரட்டையிலிருந்து அதற்குப் போகும், சில நாள் ஒன்று. ஒரு நாள் ஒரு கை நிறைய அள்ளிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். பல்லாங்குழிக்குக் கொட்டை தேடிப்போன என் கை அந்தச் சிரட்டைமேல் பட்டபோது,

“ஏல, அத மட்டும் தொடாத. அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள கணக்கு” என்றாள்.

“என்ன கணக்கு ஆச்சி?”

“ஒனக்கெதுக்கு? ஒனக்குன்னு ஒரு செரட்டை வரும். அப்பம் பாரு.”

எதை எண்ணினாள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. பெரிய சனிக்கிழமை காலையில் இரண்டு சிரட்டையையும் கொல்லையில் கவிழ்த்துவிடுவாள். எண்ணிப் பார்த்துவிட்டுக் கவிழ்ப்பாளா, பார்க்காமலே கவிழ்ப்பாளா என்று கவனிக்கும் வயது அப்போது எனக்கு இல்லை. எங்கள் பங்கில் வருஷந்தோறும் ஞான ஒடுக்கப் பிரசங்கம் நடக்கும். சேசு சபைச் சாமிமார் வருவார்கள். எவரோ ஒருவர் எழுதத் தெரியாதவர்களுக்காகப் புள்ளியைக் கொட்டையாக மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது அவளே கண்டுபிடித்திருக்கலாம். கணக்கு வைக்கத் தெரிந்த பெண்; மீன் வியாபாரத்தில் அவளை யாரும் ஏமாற்றியதில்லை.

கணக்கு, கணக்கு என்று சொல்லிக்கொண்டே போகிறேன். இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டுப் போனால் நேர்மையாகாது. 1517-ல் லூத்தர் வெளியிட்ட 95 வாசகங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். வாழ்நாள் முழுவதும் என்றால் நாற்பது நாளுக்கு என்ன வேலை? வருஷத்தில் ஒரு பருவத்துக்கு ஒதுக்கிவிட்டால் மீதிப் பருவங்களுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்ததாக ஆகாதா?

1522-ஆம் ஆண்டுத் தவக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு சாம்பல் புதன் மார்ச் 5. மார்ச் 9, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. சூரிச் நகரில் கிறிஸ்டோப் ஃப்ரோஷாவர் என்ற அச்சகக்காரர் வீட்டில் சிலர் கூடிப் புகையூட்டிய இறைச்சிக் குழலைத் துண்டுபோட்டுத் தின்றார்கள். அச்சுக்கூட ஆட்கள் பிராங்க்பர்ட் சந்தைக்காக இரவு பகலாக உழைக்கிறார்கள், அவர்களுக்குத் தெம்பு வேண்டும் என்றார் வீட்டுக்காரர். அந்நகரின் போதகர் சுவிங்லியும் அங்கே இருந்தார், தான் தின்னவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து, உணவைத் தேர்வதில் கிறிஸ்தவனுக்குச் சுதந்திரம் உண்டு என்று பிரசங்கித்தார். சுவிஸ் நாட்டுச் சீர்திருத்தம் அந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்து தொடங்கியது என்பார்கள்.

அதே தவக்காலம், அதே மார்ச் மாதம். 24-ஆம் தேதி இரவு. ஸ்பெயினில் மொன்செராத் மலைக்கோவிலில், பீரங்கிக் குண்டில் கால் முறிந்து பிழைத்த ஒரு போர்வீரன் தன் வாளை மாதாவின் பீடத்தில் விட்டுவிட்டு விடிய விடியக் கண்விழித்து நின்றான். மறுநாள் மன்ரேசா என்ற ஊருக்கு இறங்கிப்போனான். அங்கே ஆற்றோரத்தில் கழித்த மாதங்களிலிருந்துதான் அந்தக் கோடுகள் பிறந்தன. அவர்தான் இஞ்ஞாசியார்.

ஒரே நோன்பு நாட்கள். பதினைந்து நாளுக்குள் ஒரு பக்கம் நோன்பை மனிதன் விதித்த பாரம் என்று தூக்கி வைத்தார்கள். இன்னொரு பக்கம் ஒருவன் அதை எலும்புவரை ஏற்றிக்கொண்டான். யார் பக்கம் சரி என்று நான்கு நாளாக யோசித்தேன். லூத்தரின் வாக்கியம் உண்மை என்று மனசாரச் சொல்வேன். ஆனால் வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிய எதையும் நாம் ஏதாவது ஒரு நாளில்தான் செய்யத் தொடங்குகிறோம். தாயை எப்போதும் நேசிக்கிறவன்தான். இருந்தும் ஊருக்குப் போக அவனுக்கு ஒரு தேதி வேண்டியிருக்கிறது. சி.எஸ்.ஐ. சபைகளில் லெந்து நாட்களை இன்றும் எவ்வளவு கருத்தாக ஆசரிக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு, சீர்திருத்தத்தின் பிள்ளைகளும் அந்தத் தேதியை முற்றிலும் விட்டுவிடவில்லை என்பது தெரியும்.

கணக்குக்கு ஒரு நோயும் உண்டு. அதை இஞ்ஞாசியாரே அனுபவித்தார். மன்ரேசாவில் அவர் தன் பழைய பாவங்களையெல்லாம் எழுதி, சொல்லி முடித்தும், எதையோ விட்டுவிட்டோம் என்ற அரிப்பு நிற்கவில்லை. திரும்பப் போய்ச் சொன்னார், மறுபடியும் சொன்னார். நிம்மதி இல்லை. தங்கியிருந்த அறையில் இருந்த குழியில் குதித்துவிடலாமா என்று தோன்றும் அளவுக்குப் போனது. கடவுள் இரங்கும்வரை சாப்பிடுவதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு, பட்டினியை நிறுத்து என்று கட்டளையிட்டார். நிறுத்தினார். கொஞ்ச நாளில் தெளிந்தார். இனிப் பழையதைத் தோண்டுவதில்லை என்று முடிவெடுத்தார்.

பிற்பாடு அவர் எழுதிவைத்த பொதுச் சோதனையில் ஐந்து படிகள். பாவத்தைத் தேடுவது முதல் படி அல்ல. முதலாவது, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. இரண்டாவது, தன் பாவத்தை அறியும் வெளிச்சத்தைக் கேட்பது. அதன் பிறகுதான் கணக்கு. நான்காவது மன்னிப்பு, ஐந்தாவது தீர்மானம். அந்தக் குழியின் ஓரத்தில் நின்ற ஒருவர்தான் நன்றியை முதலில் வைக்க முடியும். இதை அறியாமல் நான் பல தவக்காலங்களை மூன்றாம் படியிலிருந்தே தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டேன். மனம் கசந்துபோய் உயிர்ப்பு ஞாயிற்றுக்குப் போய் நின்ற வருஷங்கள் உண்டு.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பேச்சுக் கேட்டிருக்கிறேன். முத்துக்கும் சங்குக்கும் முங்குகிறவன் இடுப்புக் கயிற்றைப் படகில் யார் பிடிப்பது? மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள். அக்காள் தாலி, தங்கை தாலி அவன் கையில் இருக்கிறது, விடமாட்டான். முங்குகிறவன் கயிற்றை அசைத்ததும் மேலே இழுத்துவிட வேண்டும். மூச்சுக்கு அளவு உண்டு. மன்ரேசாவில் அந்தக் குரு செய்தது அதுதான். அண்ட்ரிக் அடிகளார் தமிழ் படித்ததும் அதற்குத்தான். கயிறு அசைவதை மேலிருந்து புரிந்துகொள்ள வேண்டுமே.

ஞான ஒடுக்கம் என்று மேலே ஒரு சொல் வந்தது. தவக்காலத்தில் பங்குகளில் நடக்கும் மூன்று நாள் ஒடுக்கத்திலிருந்து சேசு சபையினர் இருக்கும் முப்பது நாள் ஒடுக்கம் வரை எல்லாவற்றுக்கும் நம் முன்னோர் வைத்த பெயர். ஒடுங்குதல் என்றால் சுருங்கிப்போவது, அடங்கிக் கிடப்பது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். குறளில் காலமறிதல் அதிகாரத்தைப் பாருங்கள். ஊக்கமுள்ளவன் ஒடுங்கியிருப்பதற்கு வள்ளுவர் ஓர் உவமை சொல்கிறார்: சண்டைக் கிடா முட்டுவதற்கு முன்னால் பின்வாங்குவது. கிடாச் சண்டை பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலடி, ஐந்தடி பின்னால் போகும். தலையைத் தாழ்த்தும். கண் மட்டும் எதிரில் இருக்கும். முதன்முதலில் யார் இந்தச் சொல்லை எடுத்து ஞானத்துக்குப் பக்கத்தில் வைத்தாரோ, அவருக்குத் தமிழும் தெரிந்திருக்கிறது, தவக்காலமும் தெரிந்திருக்கிறது.

வியாகுலப் பிரசங்கத்துக்கு இந்த முறை இடமில்லை. ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவிலிருந்து இலங்கைக்குப் போய், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழில் எழுதியது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தவக்காலத்தில் ஒப்பாரி ராகத்தில் இன்றும் படிக்கிறார்கள். ஒன்பது பிரசங்கங்கள். தனியாக உட்கார்ந்து எண்ணியதை ஊரே கூடி அழுது தீர்க்கும் இடம் அது. அடுத்த வாரம் அங்கே போவோம். இன்று வெள்ளிக்கிழமை, ஐந்தரைக்குச் சிலுவைப் பாதை, அதற்கு முன்னால் பங்குக் கோவிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கிறார்கள். இதைக் கொடுத்துவிட்டு நான் வரிசையில் போய் நிற்க வேண்டும்.